பாப்பா தொலைத்த ‘ங்க’

அந்த ஹாரனைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் எனக்கு அடையாளம் தெரியும். பித்தளைக் குழல். அதன் பின்னால் ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற கறுப்பு ரப்பர் குமிழ். குமிழை அமுக்கினால் ‘பாம்’ என்று ஒரு சத்தம். ஐஸ் வண்டிக்காரர்கள் தெருமுனையில் நின்று அமுக்குவார்களே, அதே ரகம். குழலின் வாய் மட்டும் ஒரு பக்கம் நசுங்கியிருக்கும், அதனால் சத்தம் கொஞ்சம் பிசிறடிக்கும். கிணத்துக்கடவுப் பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருந்த ஒருவர், தன் மொபெட்டின் முன்னால் நின்றுகொண்டு வருகிற மகள் அமுக்கி விளையாடட்டும் என்று வாங்கி மாட்டியது அது. வண்டிக்கென்று ஒழுங்கான ஹாரன் இருந்தது. அது பாப்பாவுக்குப் பிடிக்கவில்லையாம். வாய் நசுங்கியது பிற்பாடு, பொள்ளாச்சி ரோட்டில். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் பயம் வரும், அப்புறம்தான் சிரிப்பு வரும். அதை வாங்கி மாட்டியவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பாப்பாவின் அப்பா என்றே சொல்கிறேன். எனக்கு அவர் எப்போதும் அப்படித்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக வேலைக்குச் சேர்ந்தேன். தலையில் அடிபட்டுப் பிழைத்த பிள்ளைகளை மறுபடியும் உட்கார வைப்பது, நிற்க வைப்பது, கரண்டி பிடிக்க வைப்பது என் வேலை. அந்தப் பட்டம் யார் வாயிலும் நுழையாததால் என்னை ‘எக்சசைஸ் டாக்டரம்மா’ என்றார்கள். நான் டாக்டர் இல்லை என்று கொஞ்ச காலம் திருத்திப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. பாசம் வந்தால் ‘ஏட்டி’ என்போம், பாசம் முற்றினால் திட்டவே செய்வோம். அங்கிருந்து வந்தவளுக்கு இந்த ஊரின் ‘ங்க’ முதலில் ஏதோ கேலி போலத்தான் பட்டது. பஸ் கண்டக்டர் ‘உள்ள போங்க கண்ணு’ என்கிறார். காய்கறிக்காரம்மா இடுப்பில் இருக்கும் பேரனிடம் ‘சாப்புடுங்க சாமி’ என்கிறார். பாப்பாவின் அப்பா இதில் எல்லோரையும் மிஞ்சியவர். வழியில் படுத்திருக்கும் கன்றுக்குட்டியிடம் ‘நகருங்க சாமி’ என்று சொல்லிவிட்டு, அது எழுந்து நகரும்வரை பொறுமையாக நின்ற மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பாப்பாவுக்கு அப்போது ஏழு வயது. பள்ளிக்கூடம் விட்டு அப்பாவோடு வரும்போது வண்டி சரிந்து ரோட்டோரக் கல்லில் தலை மோதியிருந்தது. அவருக்கு முழங்கையில் சிராய்ப்போடு சரி. ஆபரேஷன் முடிந்தும் வாரக்கணக்கில் அவள் நினைவில்லாமல் கிடந்தாள். மொட்டையடித்த தலையில் கட்டு, மூக்கில் குழாய். நான் தினமும் போய் அவள் கைகால்களை நீட்டி மடக்குவேன். அவர் ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு அவள் காதருகில் ஓயாமல் பேசுவார். “ஏனுங்க அம்மணி, கண்ணத் தொறங்க. அப்பா வந்திருக்கறனுங்க. செவலை கன்னு போட்டிருக்குதுங்க, வந்து பாருங்க.” ஏழு வயது மகளை அவர் எப்போதும் அப்படித்தான் கூப்பிட்டாராம். அவளும் பதிலுக்கு ‘சொல்லுங்கப்பா’ என்பாளாம். பிறகு கண் திறந்தாள். ஆள் நடமாட்டத்தைப் பார்வை தொடர்ந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. வலது பக்கம் முழுக்கத் துவண்டிருந்தது. “பேசுமுங்களா?” என்று அவர் என்னைக் கேட்பார். “பார்ப்போம்” என்பேன். அந்தப் ‘பார்ப்போ’மைச் சொல்லிச் சொல்லி எனக்கே என்மேல் எரிச்சல் வந்துவிட்டது.

ஒருநாள் காலையில் ஈரத்துணியால் அவள் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாப்பா அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். உதடு கோணியது. ஏதோ வரப்போகிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. நர்ஸ் ஊசி போடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

“டேய்” என்றாள் பாப்பா.

வார்டே துள்ளியது. நர்ஸ் கைதட்டினார். பாப்பாவின் அம்மா சுவரில் சாய்ந்துகொண்டு அழுதார். நான் பெரிய டாக்டரைக் கூப்பிடச் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன். திரும்பி வந்து பார்த்தபோது பாப்பாவின் அப்பா கட்டிலைவிட்டுத் தள்ளி, துணியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். பலர் பார்க்க அறை வாங்கியவரின் முகம். அவள் மறுபடியும் அவரைப் பார்த்து, இந்த முறை தெளிவாக, “டேய், வா” என்றாள். அவர் துணியை வாளியில் போட்டுவிட்டு வெளியே போனார். அதற்குப் பிறகு, அவள் விழித்திருக்கும் நேரத்தில் அவர் அந்த வார்டுக்குள் வரவில்லை.

பெரிய டாக்டர் அவரை உட்கார வைத்து விளக்கினார். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையில் அடி. யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று பார்த்து நடத்துவது அந்த இடம்தான். குழந்தை வேண்டுமென்று பேசவில்லை, கோபத்திலும் பேசவில்லை. போகப்போகக் கொஞ்சம் சரியாகலாம், ஆகாமலும் போகலாம். அவர் கைகட்டிக்கொண்டு எல்லாவற்றுக்கும் ‘சரிங்க, சரிங்க’ என்றார். பிறகு போய் சைக்கிள் ஸ்டாண்டு ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். பாப்பா எங்களையும் விடவில்லை. பெரிய டாக்டர் தினமும் ஒரு ‘போடா’ வாங்கிக்கொண்டு, “போயிட்டு வாரேனுங்க” என்று கும்பிட்டுவிட்டுப் போவார். நான் ‘ஏய் டாக்டரு’ ஆனேன். வார்டு முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு சைக்கிள் ஸ்டாண்டுவரை போய்ச் சேரவில்லை. மகளுக்கு இளநீரும் பழமும் வாங்கி வந்து வாசலில் கொடுத்துவிட்டு அவர் திரும்பிவிடுவார். உள்ளே அவள் ‘அவன் எங்கே, அவன் எங்கே’ என்று கத்துவது அவருக்குக் கேட்கும்.

வீட்டுக்கு அனுப்பிய பிறகு வாரம் ஒருமுறை நான் போய் வந்தேன். பொள்ளாச்சி பஸ்ஸில் கிணத்துக்கடவில் இறங்கி, குன்றுக் கோயிலுக்குப் பின்பக்கமாகத் தோப்புகள் வழியே நடக்க வேண்டும். மொபெட் சணல் சாக்கு போட்டு மூடிக் கொட்டகையில் நின்றது. அவர் அதைத் தொடுவதே இல்லை. எங்கே போனாலும் நடைதான். பாப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வலது காலை இழுத்து இழுத்து நடக்கத் தொடங்கியிருந்தாள். எதையாவது நினைத்துவிட்டால் அந்தக் கணமே அதைச் செய்தாக வேண்டும், யாரும் நிறுத்த முடியாது. அதுவும் அந்த அடியின் குணம்தான். கண்ணைவிட்டு அகல விடாதீர்கள், அதட்டாதீர்கள், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசுங்கள், சின்னச் சின்ன வார்த்தையாகச் சொல்லுங்கள் என்று அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

அம்மா நான் சொன்னதோடு தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு, ‘குடுங்க’ என்று சொன்னால்தான் தருவேன் என்று நின்றார். புருஷன் முகத்தைப் பார்க்க முடியாமல் செய்த காரியம், பாவம். பாப்பாவும் பிடித்துக்கொண்டாள். நான் போனபோது வாசலில் உட்கார்ந்து ‘நாயிங்க, முறுக்குங்க, சொம்புங்க, காக்காங்க’ என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தாள். முறுக்கு தீர்ந்ததும் அம்மாவைப் பார்த்து ‘போடி’ என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மா சிரிக்கவில்லை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு சமையலறைக்குள் போனார். நான் பின்னாலேயே போனேன்.

“ஏனுங்க டாக்டரம்மா, இது எப்பத்தானுங்க வரும்?” என்றார். “அவரு இப்பெல்லாம் ஊட்டுல படுக்கறதில்லீங்க. மோட்டாரு ரூம்புல கயித்துக்கட்டலப் போட்டுக்கிட்டாரு. சோத்தையும் அங்கயே வாங்கிக்கறாரு. கெணத்து மேட்டுல போயி நிக்கறாருங்க. என்னன்னு கேட்டா தண்ணி பாக்கறேங்கறாரு. எந்நேரமும் என்னுங்க தண்ணி பாக்கறது?”

காப்பியை ஆற்றிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து மோட்டார் ஸ்டார்ட்டரைத் தொடவிடாத மனிதர், போன வாரம் மனைவியைக் கூப்பிட்டு அதை எப்படிப் போடுவது, எப்படி நிறுத்துவது, பியூஸ் போனால் யாரைக் கூப்பிடுவது என்று நிதானமாகச் சொல்லிக் கொடுத்தாராம். எந்த வரிசைத் தென்னைக்கு எந்த நாளில் தண்ணீர் என்பதையும். அம்மா அதை ஏதோ அதிசயம் போலச் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் என்ன நினைத்தேன் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அல்லது அவர் முன்பே நினைத்து வைத்திருந்ததைத்தான் நான் நினைத்தேனோ என்னவோ. காப்பி டம்ளரை அப்படியே வைத்துவிட்டுக் கிணற்றுப் பக்கம் நடந்தேன்.

அந்த வட்டாரத்துக் கிணறுகள் பயங்கரமானவை. பாறையைச் சதுரமாக வெட்டி இறக்கியிருப்பார்கள். எட்டிப் பார்த்தால் எங்கோ கீழே ஒரு துண்டு வானம் தெரியும். அந்தக் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் இருந்தது, குழாய் இறங்குகிற மூலையில் மட்டும் இடிந்து கிடந்தது. அவர் அந்த மூலையில்தான் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்து மோட்டார் ரூம் வாசற்படியைத் தட்டிவிட்டு, “உக்காருங்க டாக்டரம்மா” என்றார். அந்த நிலைமையிலும் எனக்கு உட்கார இடம் துடைத்துக் கொடுத்த மனிதரிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஊரில் பாசமாகக் கூப்பிடுவதே இப்படித்தான், என் அம்மாவே என்னை ஏட்டி என்றுதான் கூப்பிடுவாள், இதையெல்லாம் மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்று உளறினேன்.

“உங்க ஊருக்குச் சரிங்க” என்றார்.

பிறகு, நான் கேட்காமலே சொன்னார். அன்றைக்கு வளைவில் வண்டியைத் திருப்பும்போது டீக்கடையில் அவருக்கு மாமன் முறையாகிற பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். “‘ஏனுங்க மாப்ள, சௌக்கியமுங்களா’ன்னாருங்க. வயசானவரு. பதில் சொல்லாமப் போனா நல்லாருக்குமுங்களா? ஒரு கையை எடுத்துக் கும்பிட்டு அந்தப்பக்கமாத் திரும்புனனுங்க. அவ்வளவுதானுங்க. சக்கரம் சல்லியில எறங்கிப்போச்சு. பாப்பா ஹாரனை அமுக்கிக்கிட்டே இருந்துதுங்க.” குனிந்து தண்ணீரைப் பார்த்தார். “மருவாதி பாத்துத்தானுங்க என்ற புள்ளையக் கீழ போட்டேன். இன்னைக்கு அவ வாயில எனக்கு மருவாதி இல்லீங்க. நாயந்தானுங்களே? டாக்டரு அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்கறாரு. எனக்கென்னமோ அவளுக்கு எல்லாம் தெரியுமுன்னுதான் தோணுதுங்க.”

 அவள் பெரிய டாக்டரையும் அப்படித்தான் கூப்பிடுகிறாள், அம்மாவையும் அப்படித்தான் கூப்பிடுகிறாள் என்றேன். தலையாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, “ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. நான் அவ கண்ணுல படாமயே போயிட்டன்னா, அவளுக்கு வெசையாக் கொணமாகுமுங்களா?” என்று கேட்டார். அந்தப் ‘போயிட்டன்னா’ எந்தப் போவது என்று நான் கேட்கவில்லை. “ஆகாது. உங்களைத்தான் தேடிக்கிட்டிருக்கா. நீங்க தினமும் அவ பக்கத்துல இருக்கணும்” என்றேன், குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. “சரிங்க” என்றார். இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒன்றைக் கற்றுக்கொண்டிருந்தேன். இங்கே ‘சரிங்க’ என்றால் ஒத்துக்கொண்டேன் என்று அர்த்தமில்லை, காதில் வாங்கிக்கொண்டேன் என்றுதான் அர்த்தம்.

அவரைத் தனியாக விடாதீர்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். பெரிய டாக்டரிடமும் சொன்னேன். அவரைக் கூட்டிவரச் சொன்னார். அம்மா கெஞ்சிப் பார்த்தும் அவர் வரவில்லை, தோப்பில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அந்த வாரம் முழுக்க மருத்துவமனையில் போன் அடித்தாலே எனக்குப் பகீரென்றது.

ஹாரன் இதற்கு நடுவில் வந்தது. பாப்பாவின் வலது கைக்குப் பிடிமானம் வர வேண்டும், அவளுக்குப் பிடித்ததாக, மெத்தென்று, அமுக்குகிற மாதிரி ஏதாவது கொடுங்கள் என்று சொல்லியிருந்தேன். அம்மா யோசித்துவிட்டு மொபெட்டிலிருந்து ஹாரனைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். நல்ல யோசனைதான். பந்தைத் தூக்கி எறிந்தவள் ஹாரனை விடவில்லை. முதலில் விரல் மடியவே இல்லை. அப்புறம் மூச்சு மாதிரி ஒரு சத்தம். பிறகு ஒருநாள் ‘பாம்’. அம்மா சந்தோஷத்தில் சாமி படத்துக்குச் சூடம் கொளுத்தினாராம். தோப்பில் சத்தம் நன்றாகப் போகும். கிணற்று மேட்டில் நிற்கிறவருக்கும் அது கேட்டது. அவருக்கு அது எந்த நாளின் சத்தமாகக் கேட்டிருக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே அப்போது உறைக்கவில்லை.

அடுத்த முறை நான் போனபோது ஹாரன் இல்லை. முந்தின நாள் பாப்பா தூங்கும்போது அவர் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்.  பாப்பா காலையிலிருந்து ‘பாம் பாம் எங்கே, பாம் பாம் எங்கே’ என்று கத்தித் தட்டை விசிறியடித்து ஓய்ந்து, அப்போதுதான் பாயில் படுத்திருந்தாள். கண் மூடியிருந்தது. உச்சி வெயில். அம்மா சமையலறை வாசலில் நின்று, அவர் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது பாய் காலியாக இருந்தது.

கொட்டகையில் இல்லை. மாட்டுக் கட்டுத்தறியில் இல்லை. “பாப்பா, பாப்பா” என்று அம்மா கூப்பிட்ட குரல் எனக்கு இப்போதும் கேட்கிறது. அந்தக் கால் அவளை எவ்வளவு தூரம் கொண்டு போயிருக்க முடியும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே, தென்னைகளுக்கு அந்தப் பக்கமிருந்து ‘பாம்’ என்று கேட்டது. தொடர்ந்து, ஆழத்திலிருந்து மங்கலாக இன்னொரு ‘பாம்’. கிணறு திருப்பிச் சொல்கிறது. ஓடினோம்.

அவள் மோட்டார் ரூமுக்குள் போய் ஹாரனை எடுத்துக்கொண்டு, சுவர் இடிந்த அந்த மூலையில் நின்றுகொண்டிருந்தாள். நல்ல கையால் குழாயைப் பிடித்திருந்தாள். வலது கையில் ஹாரன். அமுக்குவாள், கிணறு பதில் சொல்லும், அதைக் கேட்க இன்னும் கொஞ்சம் குனிவாள். பாரம் முழுக்க இடது காலில். அந்தக் காலுக்கு அடியில் உதிர்ந்த காரையும் மண்ணும். அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் அவர் வாயைப் பொத்தினேன். சத்தம் கேட்டுப் பாப்பா வெடுக்கென்று திரும்பினால் கால் பிசகும். அம்மாவின் பல் என் உள்ளங்கையில் பதிந்தது எனக்கு அப்போது தெரியவில்லை. நாங்கள் கிணற்றுக்கு இந்தப் பக்கம். அவளிடம் போக மேட்டைச் சுற்ற வேண்டும்.

அந்தப் பக்கம் தென்னை வரிசையிலிருந்து அவர் வந்துகொண்டிருந்தார், தோளில் மண்வெட்டியோடு. பார்த்துவிட்டார். ஓடி வரப்போகிறார், கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மண்வெட்டியைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தார். நின்ற இடத்திலிருந்தே, விருந்தாளியைக் கூப்பிடுகிற குரலில், “ஏனுங்க அம்மணி” என்றார்.

அவள் மெதுவாகத் தலையை மட்டும் திருப்பினாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது. அவரைப் பார்த்ததும் அவள் முகம் விரிந்தது.

“டேய்” என்றாள். “வாடா.”

“வாரேனுங்க” என்றார் அவர்.

ஓரடி எடுத்து வைத்தார். அவள் குழாயிலிருந்து கையை எடுத்து அவரைச் சுட்டினாள். உடம்பு ஆடியது. அம்மா என் கையைப் பிடுங்கப் பார்த்தார். நான் விடவில்லை.

“இங்க படுக்காதே” என்றாள் பாப்பா. காயத்துக்குப் பிறகு அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான், ஒவ்வொரு சொல்லையும் எங்கிருந்தோ இழுத்துப் போட்டாள். “ஊட்டுல. ஊட்டுல படுடா.”

“படுக்கறேனுங்க அம்மணி. கொழாயப் புடிச்சுக்கோங்க.”

“ஊட்டுக்கு வா.”

“வாரேனுங்க. இதோ வந்துட்டனுங்க.”

பேசிக்கொண்டே, குரலைக் கொஞ்சமும் மாற்றாமல், கடைசித் தூரத்தைக் கடந்தார். அவளுடைய பாவாடையை முதலில் பிடித்தார், பிறகு கையை, பிறகு ஆளையே. இழுத்துக்கொண்டு பின்னால் வந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.  அப்புறம் அழுதார். ஆண்கள் அழுகிற மாதிரி மறைத்து அழவில்லை, வாய்விட்டு, மூக்கு ஒழுக அழுதார். பாப்பா அவர் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, அந்த நசுங்கிய குழலை அவர் காதோரம் வைத்து ‘பாம்’ என்று அமுக்கினாள். நானும் அம்மாவும் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அவர் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தார். “படுக்கச் சொல்லிப்போட்டாங்க” என்றார் மனைவியிடம். “ஊட்டுலயே படுக்கோணுமாம்.” அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு தோப்பின் நடுவே நடந்தார். வழியெல்லாம் அவள் ஹாரன் அடித்துக்கொண்டே போனாள். அம்மா பின்னால் கயிற்றுக் கட்டிலை இழுத்துக்கொண்டு வந்தார். நான் தூக்கட்டுமா என்று கேட்டேன். விடவில்லை.

அவள் ஹாரனைத் தேடித்தான் அங்கே போனாள். அவரைக் கூப்பிடப் போகவில்லை. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அப்பா வீட்டில் படுப்பதில்லை என்பதை அந்த அடிபட்ட தலை அத்தனை நாளும் கவனித்து வைத்திருந்தது. பெரிய டாக்டரிடம் இதைச் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் விளக்கம் சொல்லாமல் இருந்தது எனக்கு நிம்மதியாக இருந்தது. அடுத்த வாரம் நான் போனபோது கிணற்றுச் சுவரைப் பூசியிருந்தார்கள். எக்சசைஸை அம்மாவிடமிருந்து அவர் வாங்கிக்கொண்டிருந்தார். “இன்னும் ஒருக்கா மடக்குங்க அம்மணி” என்பார். “போடா” என்பாள். “போறேனுங்க, மடக்கிப்போட்டுச் சொல்லுங்க” என்பார். அவளும் மடக்கிவிடுவாள். நான் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அந்த ‘ங்க’ பாப்பாவுக்குத் திரும்பி வரவே இல்லை. நடை வந்தது, எழுத்தும் கூட்டிப் படிக்கிற அளவுக்கு வந்தது, கோபம் பாதி அடங்கியது. மரியாதை மட்டும் வரவில்லை. உறம்பரை என்று இவர்கள் சொல்கிற சொந்தக்காரர் வீட்டு விசேஷமானாலும் பள்ளிக்கூடமானாலும் அவர் முன்னாலேயே போய், “பாப்பா அப்பிடித்தானுங்க பேசும், தப்பா எடுத்துக்காதீங்க” என்று ஒவ்வொருவரிடமும் கும்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் அவளை உள்ளே கூட்டிப்போவார். அவள் சொல்ல வேண்டிய ‘ங்க’ அத்தனையையும் அவர்தான் முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்தார். டீக்கடைப் பெரியவரிடமும் போனாராம். அவர் பாப்பாவிடம் ஒரு ‘டேய் கெழவா’ வாங்கிக்கொண்டு, மிட்டாய் கொடுத்து அனுப்பினாராம்.

நான் ஓய்வு பெற்று வருஷங்களாகிவிட்டன. போன மழைக்காலத்தில் போன் வந்தது. “ஏய் டாக்டரு. அவன் உளுந்துபோட்டான். வா.” உலகத்தில் என்னை இப்படிக் கூப்பிட ஒருத்திதான் இருக்கிறாள். மறுநாளே பஸ் ஏறினேன். பொள்ளாச்சி ரோடு இப்போது அடையாளமே தெரியவில்லை, வளைவும் இல்லை, டீக்கடையும் இல்லை. தோப்பு இருக்கிறது. அம்மா இளைத்துப்போயிருந்தார். பாப்பாவின் அப்பாவுக்குப் பக்கவாதம், வலது பக்கம். பேச்சும் போய்விட்டது. ஆளைப் பார்க்கிறார், புரிந்துகொள்கிறார், வாய் அசைகிறது, சொல் வரவில்லை. கட்டில் நடு அறையில் இருந்தது. பக்கத்தில் ஸ்டூலை ஒட்டிப் போட்டுக்கொண்டு பாப்பா உட்கார்ந்திருந்தாள். தலையில் நரை எட்டிப் பார்க்கிறது. நான் எதையும் சொல்லிக் கொடுக்கத் தேவைப்படவில்லை. அவருடைய வலது உள்ளங்கையில் அந்த ஹாரனை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். ரப்பர் குமிழ் மட்டும் புதிது.

“அமுக்கு” என்றாள். விரல் அசையவில்லை. “டேய். அமுக்குடா.”

அவர் அவளையே பார்த்தார். நெற்றியில் வியர்த்தது. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு குழலிலிருந்து மூச்சு மாதிரி ஒரு சத்தம் வந்தது.

“இன்னொருக்கா” என்றாள் பாப்பா.

அவர் உதடு கோணியது. ஏதோ வரப்போகிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சரீங்க” என்றார் பாப்பாவின் அப்பா.